பெட்டி 41, சேலம்

பெட்டியின் மேல் சேலம் என்றிருந்ததால்
என் மேசைக்கு வந்து சேர்ந்தார் செனட்டர்.
"உன் ஊர்க்காரர்தானே, நீயே பார்" என்றார்
சூப்பர்வைசர் யஹ்யா. சிரிக்கவில்லை.
நான் ஆத்தூர். மறுக்கவும் இல்லை.
இது வேறு சேலம், மாசசூசெட்ஸில்,
கடலோரம். மாம்பழம் கிடையாது.

மஸ்கட் பக்கம் மத்ராவில், மீன் சந்தைக்குப் பின்னால்,
இரண்டாம் மாடியில் ஸ்கேன் செய்கிறோம் நாலு பேர்.
பக்கத்துக்குப் பதினொரு பைசா.
கிழிந்தால் நம் கணக்கு.

பெட்டிக்குள் இருந்த வரிசையில்
ஒபதையா ட்ரஸ்காட் முதலில் செத்துப்போனார்.
கடைகள் அரைநாள் மூடின,
நான்கு குதிரைகள், கறுப்பு வில்லை, இரங்கல் தந்தி.
பிறகு பல் கட்டிக்கொண்டார், ரசீது இருக்கிறது.
பிறகு மனைவி லவினியா மேல் கோபம்.
பிறகு இரண்டாம் முறை செனட்டர்,
பிறகு முதல் முறை.
அப்போதெல்லாம் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்புவதில்லையாம்,
மாநில சட்டசபையில் கைதூக்கினால் போதும்.
யார் யார் கைக்கு எவ்வளவு என்று
தனியாக ஒரு சின்ன நோட்டு.

கலங்கரை விளக்கம் வேண்டி மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார்.
நல்ல பேச்சு. நடுவில் இருமியதைக்கூட
யாரோ ஓரத்தில் குறித்திருக்கிறார்கள்.
அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி
அவர் ஊர்ப் பெண்கள் ஆயிரத்து நூற்றாறு பேர்
கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள்.
மேசைமேல் கிடக்கட்டும் என்றார்.
(என் லீவு விண்ணப்பம் யஹ்யாவின் மேசைமேல்
நோன்புக்கு முன்பிருந்து கிடக்கிறது.
அது வேறு விஷயம்.)
அன்று அவர் சொன்னது அச்சிலேயே இருக்கிறது:
"அடிமை ஒருவரின் முகத்தை இந்தக் கண்கள் கண்டதில்லை.
காணாததைப் பற்றி எப்படித் தீர்ப்புச் சொல்வேன்?"
அவையில் கைதட்டல்.

பெட்டியின் அடியில் இளைஞர்.
ஆயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டு, வயது இருபத்திரண்டு,
சரக்குக் கணக்கன்.
நான் டீ குடிக்கும் ஜன்னலுக்கு நேர் கீழே
கப்பலை நிறுத்தி
வெளுக்காத துணி நூறு பேல் இறக்கி
பேரீச்சை ஏற்றுகிறார்.
ஈ, வெயில், கூலி, தண்ணீர் எல்லாவற்றையும்
மணிமணியான கையெழுத்தில் திட்டுகிறார்.
வெயில் விஷயத்தில் அவர் பக்கம்தான் நான்.

எழுபத்தொன்பதாம் தாளும் எண்பதாம் தாளும்
பேரீச்சைப் பாகில் ஒட்டியிருந்தன.
ஒட்டியதைப் பிரிக்காதே, ஒன்றாகவே ஸ்கேன் செய் என்பது விதி.
ஒன்று என்றால் பதினொன்று,
பிரித்தால் இருபத்திரண்டு.
பிரித்தேன், பிளாஸ்டிக் தகட்டால், மூச்சைப் பிடித்துக்கொண்டு.
வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை.

உள்ளே இருந்தது:
"வியாபாரி வீட்டில் சாப்பாடு. இன்றும் அதே பையன் விசிறினான்.
பத்து வயதிருக்கும். கணுக்காலில் புண், ஈ மொய்க்கிறது.
இவன் என்ன விலை என்று வேடிக்கையாகக் கேட்டேன்.
சொன்னார்கள்."
விலை இருந்த இடத்தில் பாகு.
அதற்குக் கீழே, வேறு மையில்:
"முகம் அப்படியே என் தம்பி எஸ்ரா."
பெயர் கேட்டதாக இல்லை.
அடுத்த வரி காற்றின் திசை.

செனட்டரின் அந்தப் பேச்சையும் இந்தத் தாளையும்
ஒரே வாரத்தில் படித்தவன்
உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.
யாரிடம் சொல்வது? பக்கத்து இருக்கை அன்வர்
காதில் கிரிக்கெட்.

ஸ்கேன் முடிந்ததும் திரையில் கேட்கும்:
இந்தப் பக்கம் எதைப் பற்றியது?
பட்டியலில் உள்ளதைத்தான் தொட முடியும்,
புதிதாக எழுத இடமில்லை.
பேரீச்சை.
துணி.
கப்பல்.
வானிலை.
குடும்பம்.

கொஞ்ச நேரம் சுட்டியை மேலும் கீழும் நகர்த்தினேன்.
குடும்பம் என்று போட்டேன்.

பக்கங்கள் இரண்டு.